முகவரி கேட்காத தண்ணீர்

காலை ஆறு மணிக்குச் செடிகளுக்குத் தாகம் எடுக்கும்.
எடுக்கும் என்று சுவிட்சுப் பெட்டியில் எழுதியிருக்கிறது.
கறுப்புக் குழாயில் ஒரு முனகல்,
பிறகு ஒவ்வொரு வேரடியிலும்
சொட்டு, சொட்டு.
பத்தரைக்கு மறுபடி. இரண்டு மணிக்கு மறுபடி.
ஸ்ட்ராபெர்ரி கைக்குழந்தை மாதிரி, என்பார் மேஸ்திரி எவரிஸ்தோ,
ஒரு வேளை தவறினால் முகம் வாடிவிடும்.

ஃபுசேனி மாலியிலிருந்து வந்தவன்.
மணலும் கடலும் தாண்டி
லெபே ஊருக்கு வெளியே
பழத்தின் உயரத்துக்குக் குனிந்தவன்.
செடிகளை மூடிக் கிழிந்துபோன பிளாஸ்டிக்தான்
அவன் குடிசைக்குக் கூரை.

நாலு கிலோமீட்டர் தள்ளி
கல்லறைத் தோட்டத்துச் சுவரில் ஒரு குழாய் உண்டு.
இறந்தவர்களின் பூக்களுக்கானது.
பூச்சிமருந்துக் கேன் இரண்டைச் சைக்கிளில் கட்டி
கேட்டைப் பூட்டுவதற்குள் போய்விட வேண்டும்.
ஏழு முறை மணல் போட்டுத் தேய்த்தாயிற்று.
கேன்மேல் மண்டையோடு இன்னும் சிரிக்கிறது.
தேநீரிலும் கொஞ்சம் சிரிக்கும்.

சொட்டுக்குழாயில் வாய் வைக்கலாமே என்பீர்கள்.
வைத்தான், ஒரு முறை.
உரம் கரைத்த தண்ணீர் அது.
செடிக்குச் சோறு, இவனுக்குப் பேதி.
கக்கூஸ் இல்லாத இடத்தில் பேதி என்றால் என்ன என்பதை
நான் எழுதப் போவதில்லை.

நகராட்சியில் கேட்டார்கள்.
குழாய்க்கு முகவரி வேண்டும்.
முகவரிக்கு வீடு வேண்டும்.
வீட்டுக்கு
அதற்கு மேல் ஊரில் எந்தக் கதவும் திறக்கவில்லை.

மார்ச் மாதம், பழம் குவிகிற நேரம்,
ஒரு ராத்திரி யாருடைய மெழுகுவர்த்தியோ சாய்ந்தது.
பிளாஸ்டிக் எரியும்போது சொட்டும்.
அதுவும்
சொட்டு, சொட்டு.
நாற்பது குடிசைகள்.
பதினோராவது நிமிடம் சிவப்பு வண்டி வந்தது
முகவரி கேட்காமல்.

எவ்வளவு தண்ணீர்!
தீ அடங்கிய பிறகும்
குழாய் மூட்டில் கசிவு நிற்கவில்லை.
கருகிய பாய்களை அப்படியே விட்டுவிட்டு
கேன், சட்டி, ஒற்றை பூட்ஸ்,
கைக்குக் கிடைத்ததோடு வரிசையில் நின்றார்கள்.
வால்வை மூடப் போன இளைஞன் ஒருவன்
கையை எடுத்துக்கொண்டு
வெறுமனே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்
கடைசி ஆள் வரை.
ஃபுசேனி தலையைக் கொடுத்தான்.
வாயையும் கொடுத்தான்.
புகை நாற்றம்தான்,
மருந்து நாற்றம் இல்லை.

ஆறு மணி. குழாயில் முனகல்.
கிழக்கு வரிசையில் ஒரு செடி மட்டும்
இலை சோர்ந்து நின்றது.
எவரிஸ்தோ முழங்காலிட்டுத் தொட்டுப் பார்த்தார்.
"யாருமே கவனிக்கலையா இதை?"
என்றார், பதறிப்போய்.