மூன்று விரல் பிடி

தக்கை வேண்டாம் என்றார் ஆர்வோ.
எனக்கு முதலில் பிடிக்கவில்லை.
தக்கைதான் வழக்கம்; இலேசு, நனைந்தாலும் வழுக்காது,
சுப்பீரியர் ஏரிக் காற்றிலும்
உள்ளங்கையை விறைக்க விடாது.
மரமென்றால் பதினெட்டு கிராம் கூடும்,
தூண்டில்கோல் பின்னால் சாயும் என்றேன்.

வலது கையை என் மேசைமேல் வைத்தார்.
சுண்டுவிரல் இல்லை. மோதிரவிரலும்.
"ஆன்டனாகன் மர ஆலை, எழுபத்தொன்பது.
செர்ரிப் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன்.
அதே மரத்தில் செய்."

வஞ்சமா, சமாதானமா, நான் கேட்கவில்லை.
விலை சொன்னேன்.

கடைசலில் கொடுத்தேன்.
செந்தூள் என் காபியில் மிதந்தது.
உருண்டைப் பிடி அவர் கையில் நிற்காமல் சுழன்றது.
மோட்டாரை நிறுத்திவிட்டு அரம் எடுத்தேன்.
இருக்கும் விரல்களுக்குப் பள்ளம்;
இல்லாத இடத்தில்
மரத்தைக் கொஞ்சம் கூடவே விட்டுவைத்தேன்.
மூன்று தடவை வந்து பிடித்துப் பார்த்து
"இன்னும்" என்றார்.
நான்காம் தடவை ஒன்றும் சொல்லவில்லை.
பணத்தை இடது கையால் எண்ணினார்,
வலது கை அதை விடுவதாயில்லை.

ஜூனில் அவர் தம்பி உர்ஹோ
ஒரு நாளைக்கு இரவல் வாங்கினார்.
பத்து விரலும் உள்ளவர்.
அரைமணி நேரத்தில் ஆற்றிலிருந்து திரும்பும் வழியில்
என் கதவோரம் கோலைச் சாத்தி,
"இதில் எனக்கு இடமில்லை,
நீயே அவனிடம் கொடுத்துவிடு" என்று போனார்.

எடுத்துப் பார்த்தேன்.
ட்ரௌட் வாடை. வியர்வை ஏறி மரம் கறுத்திருந்தது.
என் சுண்டுவிரல்
போக்கிடம் தெரியாமல்
காற்றில் நின்றது.