இரண்டாம் கட்டம்

கார்லோவாவின் மர வீடுகளில்
பிப்ரவரி முழுக்கக் கதவு தட்டினேன்.
நகராட்சி கொடுத்த நீலப் பை, பென்சில்
(அந்தக் குளிரில் பேனா மை இறங்காது),
கேள்விக்கு ஐந்து கட்டங்கள்:
முழுக்கச் சரி என்று தொடங்கி
இல்லவே இல்லை என்று முடிபவை.

'குப்பையைக் குறைப்பது என் கடமை.'
கட்டம் ஒன்று. கட்டம் ஒன்று. கட்டம் ஒன்று.
ஹெல்வே அம்மையார்
நான் வாசித்து முடிக்குமுன் தலையாட்டினார்,
வாசலோரத்துப் பையைக்
கம்பளிக் காலுறையால் மெல்ல
உள்ளே தள்ளியபடி.

'பக்கத்து வீட்டார் தரம் பிரித்துப் போடுகிறார்களா?'
இந்த இடத்தில் எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள்.
இருபத்து மூன்றாம் எண்ணுக்கு
இருபத்தைந்தின் மேல் வருத்தம்.
இருபத்தைந்துக்கு இருபத்து மூன்றின் மேல்.
தெருவில் ஒவ்வொரு வீடும் ஒழுங்கு,
ஒவ்வொரு பக்கத்து வீடும் மோசம்.
கணினி இதற்குச் சிரிக்கவில்லை.
சராசரி எடுத்துத் தந்தது,
இரண்டு தசம இடம் வரை.

வால்தூர் கதவுச் சங்கிலியைக் கழற்றவில்லை.
இடுக்கில் ஒரு கண், கொஞ்சம் வெங்காய வாசம்.
'கடமையா? எனக்கா?
எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுக்கொள்.
குளிர் உள்ளே வருகிறது.'
போட்டுக்கொண்டேன்.

மார்ச்சில் ஆய்வின் இரண்டாம் கட்டம்.
லாரி வருமுன் தொட்டிகளைத் தூக்கிவந்து
பழைய பேருந்துக் கொட்டகையில்
தார்ப்பாயில் கவிழ்த்தோம்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
எண்ணுக்குள் பெயரைப் படிக்க
ஒரு மாதத்தில் பழகியிருந்தேன்.

ஊர்வே தராசைப் பார்த்துச் சொல்ல நான் எழுதினேன்.
முழுக்கச் சரி வீடுகளில்
வெட்டாத கம்பு ரொட்டி, பாட்டரிகள்,
விலைச்சீட்டு கிழிக்காத ஒரு சட்டை.
இதையெல்லாம் எழுதக் கை வலித்தது, அவ்வளவுதான்;
என் வீட்டுத் தொட்டியும் எனக்குத் தெரியும்.

அறுபத்தொன்று. சின்னப் பை.
உள்ளே செய்தித்தாளில் சுற்றி
நூல் கட்டிய ஒரு பொதி.
மேலே கட்டைப் பென்சிலில்,
கோணல் எழுத்தில்:
'உடைந்த கண்ணாடி. கை பத்திரம்.'

ஊர்வே கையுறையோடு அப்படியே நின்றாள்.
வெளியே யாரோ பனி வழித்துக்கொண்டிருந்தார்கள்.

'யார் வீடு?'
'எண் மட்டும்தான்' என்றேன்.

பிறகு நூலை அவிழ்த்தோம். விதி அப்படி.
கண்ணாடி, நூற்று நாற்பது கிராம்:
கலப்புக் குப்பையில் இருந்ததால் தவறு, ஒன்று.
அந்த எழுத்து இருந்த தாளைத்
தனியே வைத்துப் பார்த்தாள்.
முள் அசைந்தது.

காகிதம், பதினொரு கிராம்.