இணைப்பு: மூன்று படங்கள்

ஆகஸ்டா நகரில், மூன்றாவது மாடியில்,
என் மேசைக்கு வந்து சேர்கின்றன
மெய்ன் மாநிலத்தின் நிலவறைகள்.
ஒரு வீட்டின் அழைப்புமணியையும் நான் அழுத்தியதில்லை.
ஆனாலும் தெரியும்:
கிட்டரியில் ஒருவர் காலி மதுப்புட்டிகளை
ஹீட்டருக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறார்;
பாத் ஊரில் ஒரு கொடியில்
காலுறைகள் ஒற்றை ஒற்றையாகவே காய்கின்றன.
புதுக் கலனின் பளபளப்பான வயிற்றில்
படமெடுப்பவரின் முகம்
பூசணிக்காயாய் வளைந்து விழும்.
அனுப்பியவர் பார்த்திருக்க மாட்டார்.
நான் பார்ப்பேன்.

கேட்பது அதிகமில்லை.
ரசீது.
புதிய ஹீட்டரின் வரிசை எண், மங்காமல்.
பழையது, அது நின்ற இடத்திலேயே.
வரம் கொடுப்பது மாநிலம்,
எண்ணூறு டாலர்.
இடம் கொடுக்க வேண்டிய பூசாரி நான்.

டொரீன் திபடோ, ஃபோர்ட் கென்ட்,
தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
மூன்றாம் படம் இருக்கவேண்டிய கட்டம்
வெள்ளையாக இருந்தது.
திருப்பி அனுப்பினேன்,
பத்தி நான்கு, உட்பிரிவு ஆ.

ஒன்பதாம் நாள் படம் வந்தது.
நிலவறை இல்லை. பழைய இரும்புக் கிடங்கு.
கதவிழந்த குளிர்பெட்டிகள், காரின் பாதி,
எல்லாவற்றின் மேலும் நவம்பர் பனி.
நடுவில் மல்லாந்து கிடக்கும் ஒரு டாங்கின்
பெயர்த்தகட்டை
கையுறை போட்ட கை ஒன்று துடைத்துக்கொண்டிருக்கிறது.
கீழே எழுதியிருந்தார்:
“பிளம்பர் அன்றைக்கே ஏற்றிப்போய்விட்டான்.
பதினேழு டாங்கைப் புரட்டினேன்.
என்னுடையது இதுதான்.
இடுப்பில் உள்ள பள்ளம்
என் பையன் ஹாக்கி மட்டையால் வைத்தது.”

‘நின்ற இடத்தில் எடுத்த படமா?’
என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டேன்.
நிற்கவில்லை, கிடந்தது.
அதுவும் ஓர் இடம்தானே.

பிறகுதான் கண்ணில் பட்டது மின்கட்டண ரசீது:
நார்மண்ட் திபடோ.
பெயர் பொருந்தவில்லை. இன்னொரு கடிதம்.
அனுப்பும்போது எனக்கே கூசியது.

பதில்:
“விவாகரத்தாகி ஆறு வருடம்.
கணக்கை மாற்ற அவன் கையெழுத்து வேண்டுமாம்.
கையெழுத்து வேண்டுமென்றால்
அவனோடு பேச வேண்டும்.
எண்ணூறு டாலருக்கு அது கட்டுப்படியாகுமா
என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.”

மூன்று வாரம் சத்தமில்லை.
கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில்
படிவம் வந்தது. காப்பிக் கறைக்கு மேல்
நார்மண்டின் கையெழுத்து,
வண்டியின் முகப்பில் வைத்துப் போட்டதுபோல் நடுங்கி.
ஓரத்தில் அவள் எழுத்து:
“கட்டுப்படியாகவில்லை.
ஆனாலும் வாங்கிவிட்டேன்.”

இந்த இயந்திரம் நெருப்பு மூட்டுவதில்லை.
சுற்றியிருக்கும் காற்றில்
யாருக்கும் உதவாமல் கிடக்கிற சூட்டைக்
கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கித்
தண்ணீருக்குக் கொடுக்கிறது.
கையேட்டில் இப்படிச் சொல்லியிருக்கவில்லை.
பதினோராம் பக்கத்துப் படத்தை
வெகுநேரம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது.

காசோலை போனபின் யாரும் எழுதுவதில்லை.
நன்றிக்குப் படிவத்தில் இடமும் இல்லை.
பிப்ரவரியில் ஒரு தபாலட்டை,
முன்பக்கம் உறைந்த ஆறு:
“கீழே இப்போது நல்ல குளிர்.
போன வருடம் கிறிஸ்துமஸுக்கே முளைவிட்ட
உருளைக்கிழங்கு மூட்டை
இன்னும் கண் திறக்கவில்லை.
இதற்கும் ஏதாவது பணம் தருவீர்களா?”

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்,
சும்மாதான்.
கிழங்குக்கு உட்பிரிவு இல்லை.
அட்டையைக் கோப்பில் சேர்க்கவும் கூடாது,
அது கேட்கப்படாத ஆவணம்.
மேசை விளக்கில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது எல்ஸ்வர்த்.
இருட்டில் எடுத்த படம்.
வரிசை எண்ணை மறைத்துக்கொண்டு
ஒரு பூனையின் பின்பாதி.