பசித்த நீர்

சோஹார். அதிகாலை மூன்று மணி.
ஆய்வுக்கூடத்தில் ஏசியின் உறுமலும் நானும்.
ஏழாம் முகாமிலிருந்து ஒரு பெப்சி பாட்டிலில்
தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்திருந்தது.
மேலே சுற்றிய தாளில் சந்தியாகுவின் கையெழுத்து:
"அண்ணே, இதில்தான் சட்டை துவைத்தேன்.
வெள்ளைச் சட்டை. ஒன்றுதான் இருந்தது."

கடல் எங்கோ உள்ளே கசிந்திருக்கும் என்று நினைத்தேன்.
துருவை வடிதாளில் விட்டு, இறங்கிய தெளிவில்
மஞ்சள் நிறங்காட்டி, பிறகு வெள்ளி நைட்ரேட்.
கடலாக இருந்தால் பால் திரிந்ததுபோல்
கலங்கிக் கலங்கி
நெடுநேரம் கழித்தே செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும்.
இது முதல் சொட்டிலேயே சிவந்தது.
வெள்ளிக்குக் கைகொடுக்க அங்கே குளோரைடு இல்லை.

கடினத்தன்மை பார்த்தேன்.
திராட்சைச் சிவப்பு வரவேண்டிய குடுவை
நேரே நீலம்.
குற்றவாளியைத் தேடியவன் கையில்
ஒரு குற்றமும் இல்லாத நீர்.

அதுதான் குற்றம்.

யாகூப் அல் பலூஷியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன்.
சுண்ணக்கல் தொட்டியில் வால்வு பழுது,
இரண்டு நாளாகச் சுற்றுவழியில் விட்டிருக்கிறார்கள்.
"சுத்தமான தண்ணீர்தானே, ஹபீபி?"

சுத்தமான தண்ணீர்தான்.
உப்பையெல்லாம் சவ்வின் வாசலில் கழற்றிவிட்டு
வெறுங்கையோடு வந்த நீர்.
வெறுங்கை எதையாவது பற்றாமல் இருக்காது.
தெவிட்டிய கரைசல் என்று பத்தாம் வகுப்பில் எழுதியபோது
லட்டு ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.
தெவிட்டாத நீர் என்ன செய்யும் என்று
இந்தக் கரைக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.
கரை என்றால் நிலம் முடியும் இடம்.
கரை என்றால் இல்லாமல் போ என்னும் கட்டளை.
இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ.

சோடியம் வந்தால் நீர் ஆக்சிஜன் முகத்தைக் காட்டும்,
குளோரைடு வந்தால் ஹைட்ரஜன் பக்கம் திரும்பும்.
வருகிறவருக்கேற்ற முகம் உண்டு அதனிடம்,
சூக்கில் மீன் விற்கிறவனைப் போல.
இரும்பிடம் அந்த நயமெல்லாம் இல்லை.
உள்ளே ஒளிந்திருக்கும் ஆக்சிஜனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு
எலக்ட்ரானைப் பிடுங்கும்.
கரைந்த உப்பு, நீரை வற்றவைத்தால் திரும்பக் கிடைக்கும்.
குழாய் கிடைக்காது.

காலை ஆறு மணிக்கு வால்வு திறந்தது.
ஹஜர் மலையிலிருந்து லாரியில் வந்த கல்லின்மேல்
கரியமில வாயு ஏற்றிய நீர்.
அந்த மெல்லிய புளிப்புப் பட்டதும் மலை இளகி
கலங்கல்கூட இல்லாமல்
உள்ளே போய் உட்கார்ந்தது.
பிஎச் எட்டு புள்ளி ஒன்று. எழுதிக்கொண்டேன்.
'பசியாறியது' என்று எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

பதிவேட்டில் எழுதாத இன்னொன்று:
சட்டைக்காக ஒரு சிட்டிகை ஆக்ஸாலிக் அமிலம்.
கையுறையோடு நானே கசக்கினேன்.
காலர் வெளுத்தது, மார்பு வெளுத்தது,
பையின் ஓரத்தில் மட்டும் போகாமல் ஒரு கறை.
லைசன்ஸ் போட்டோவில் பை வராது என்றான் சந்தியாகு.

பத்து நாள் கழித்து அவன் அறையில் தேநீர்.
கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு தோல்,
நகத்தைவிட மெல்லிசு.
கொதித்த நீர் மலையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.
ஸ்பூனால் சுரண்டப் போனான்.
இருக்கட்டும் என்றேன்.