பழுது இல்லை

ஹெய்மோவின் லாரி எங்கள் பட்டறைக்குள் வந்ததும்
குணமாகிவிடும்,
டாக்டர் வாசலை மிதித்தவுடன் காய்ச்சல் இறங்கும் பிள்ளை போல.

மூன்று முறை வந்தான்.
கெமியார்விக்கு வடக்கே பைன் மரம் ஏற்றுகிறவன்.
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு:
யூரியா நீரின் தரம் சரியில்லை.
இன்னும் நூற்றிருபது கிலோமீட்டர்,
அதன்பின் ஆமை நடை.
லேப்டாப்பைச் செருகினால்
குற்றம் பதிவில் இருக்கும்,
குற்றவாளி இருக்கமாட்டான்.

கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
முப்பத்திரண்டரை சதவீதம்.
கோடு நிற்கவேண்டிய இடத்தில்
அசையாமல் நின்றது.
காலேர்வோ சொன்னார்: சென்சாரை மாற்று.
மாற்றினோம். எழுநூறு யூரோ.
பத்தாம் நாள் திரும்பி வந்தான், அதே விளக்கோடு.
இரண்டாவது சென்சாருக்கு அவன் பணம் தரவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
மூன்றாம் முறை, காப்பி ஊற்றிக்கொண்டே காலேர்வோ
“கேனில் தண்ணீர் கலக்கிறாயா?” என்றார்.
ஹெய்மோ கோப்பையைத் தொடாமல் எழுந்து போனான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.
அந்தச் சென்சார் ருசி பார்ப்பதில்லை.
டாங்க்கின் அடியில் உட்கார்ந்து
நம் காதுக்கு எட்டாத ஒரு கூவல் விடும்,
அது போய்ப் பட்டுத் திரும்பும் நேரத்தை எண்ணும்.
அதற்குத் தெரிந்த வேதியியல் அவ்வளவுதான்.
கூவல் போகும் வழி
நீராகவே இல்லாவிட்டால்?

விடிகாலை நான்கு. அவன் வீட்டு முற்றம்.
மைனஸ் முப்பத்தொன்று.
மூக்குக்குள் மயிர் ஒவ்வொன்றும் குச்சி.
இரவு உடுப்பின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான்.
ஏன் என்று கேட்கவில்லை.
ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.
நாற்பது நிமிடம் கேபினில் உட்கார்ந்து
அவனுடைய கம்பு ரொட்டியில் பாதியைத் தின்றேன்.

யூரியா பனியாய் உறைந்தால்
எஞ்சினின் வெந்நீர் போய் உருக்கவேண்டும்.
ஏற்பாடு அதுதான்.
கீழே படுத்துக் கையுறையைக் கழற்றினேன்.
வால்வுக்கு இந்தப் பக்கக் குழாய் சுட்டது.
அந்தப் பக்கத்து இரும்பு வளையத்தில்
விரல் ஒட்டிக்கொண்டது.
மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன்:
விளிம்புவரை வெள்ளை, கல் மாதிரி.

எங்கள் பட்டறையில் எப்போதும் பதினெட்டு டிகிரி.
ஒவ்வொரு முறையும்
இரவெல்லாம் லாரியை உள்ளே நிறுத்தி
நோயைக் குணப்படுத்திவிட்டுக்
காலையில் நோயைத் தேடினோம்.

வால்வின் வயர் முனையைப் பிடுங்கினேன்.
உப்புப் பூத்திருந்தது.
கம்பி இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கப் போதும்,
வால்வைத் திறக்கப் போதாது.
ஒரு சாண் வயர், ஒரு பிளக்.
பதினோரு யூரோ.

பில்லில் ‘காரணம்’ என்ற கட்டத்தின் மேல்
காலேர்வோவின் பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு எழுந்துபோய்க் காப்பி ஊற்றி
ஹெய்மோ பக்கம் தள்ளினார்.
சர்க்கரை போடாமல் குடித்தான் அவன்.

கழற்றிப் போட்ட இரண்டு சென்சார்களும்
அலமாரியில் கிடந்தன.
‘எனக்குத் தெரிந்த நீர் இது இல்லை’
என்றுதான் அவை சொல்லியிருக்கும்.
அதைத் ‘தரம்’ என்று பெயர்த்து எழுதியவர்
எங்கோ சூடான அறையில் இருந்திருப்பார்.

துடைத்தேன், பெட்டியில் வைத்தேன்,
மேலே தடித்த பேனாவால் எழுதினேன்:
பழுது இல்லை.