ஆளி வயலுக்கு இழப்பீடு

அப்பாவுக்கு நார்வே மொழிதான் எழுத வரும்.
அதனால் சஸ்காச்சுவானில் அவர்
அரசாங்கத்தோடு போட்ட சண்டையெல்லாம்
என் கையெழுத்தில் இருக்கிறது.

நாற்பதில் நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள்.
பனி விழுமுன் கொட்டகைகள், மூன்று ஓடுபாதைகள்,
காற்றுக்கு வாய் திறந்த ஒரு துணிப்பை.

மறு வருஷம் மே மாதம்: கோழிகள் முட்டையிடுவதில்லை,
மஞ்சள் விமானங்கள் கூரையை உரசுகின்றன.
பதில்: கோழிகளுக்குப் பழகிவிடும்.
பழகிவிட்டன.
அதை நாங்கள் எழுதித் தெரிவிக்கவில்லை.

ஜூலையில் ஆளி பூத்தது.
மேலிருந்து பார்த்தால் அது தண்ணீர் என்று
எங்களுக்கு எப்படித் தெரியும்?
தனியே பறக்கவிட்ட நான்காம் நாள்
வழி தவறிய நியூசிலாந்துப் பையன், டன்ஸ்டன் ஃபெரிஸ்,
வரைபடத்தில் தேடிய ஏரியை எங்கள் வயலில் கண்டான்.
கரையில் இறங்குவதாக நினைத்து
நீலத்தின் நடுவே உழுதுகொண்டு போய் நின்றான்.
இறங்கியவன் குனிந்து பூவைத் தொட்டான்.
கையைப் பார்த்தான்.
காய்ந்த கை.

அம்மா மோர் கொடுத்தாள், இரண்டு குவளை குடித்தான்.
அப்பா சேதத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார்.
விமானத்தை இழுக்க வந்த லாரி
அதைவிட அதிகம் நசுக்கியது.

ஆளிப்பூ மதியத்துக்குள் உதிர்ந்துவிடும்.
மூன்று மணிக்கு வந்த அதிகாரி
பச்சையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.
"எங்கே ஐயா ஏரி?"

படிவம், மூன்று பிரதி.
பயிர்: ஆளி. சேதம்: பதினோரு புஷல்.
காரணம் என்ற கட்டத்தில் ஏரி என்று எழுதி
அடித்துவிட்டு விமானம் என்று எழுதினேன்.
மூன்று தடவையும்.

எட்டு வாரப் படிப்பு. முடித்துப் போய்விட்டான்.
அடுத்த கூட்டம் வந்தது, அதற்கடுத்தது.
ஜனவரியில் வானமும் தரையும் ஒரே வெள்ளையான நாளில்
இரண்டு பேர் திரும்பவில்லை.
அவர்களில் அவன் இல்லை.

பதில் வர இரண்டு வருஷம்:
விமானியின் சாட்சிக் கையெழுத்தைப்
பெற இயலாத நிலையில்
தங்கள் கோரிக்கை ஏழு புஷலாகக் குறைக்கப்படுகிறது.

மொழிபெயர்த்துச் சொன்னேன்.
ஏன் இயலாது, என்றார் அப்பா.
அதையும் மொழிபெயர்த்தேன்.
அவர் காசோலையை மாற்றிக் கதிர் கட்டக் கயிறு வாங்கினார்,
மீதியை என்ன செய்தாரென்று தெரியாது.

பள்ளியை மூடினார்கள். கொட்டகையில் கோதுமை கொட்டினார்கள்.
யுத்தம் முடிந்த மறு வருஷம்
ஏலத்தில் எடுத்த மஞ்சள் விமானத்தில் ஒருவன்
ஐந்து டாலருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினான்.
ஏறினேன், அம்மாவிடம் சொல்லாமல்.
காலை ஒன்பது மணி.

அப்பா அந்த முறை ஓட்ஸ் விதைத்திருந்தார்.
எங்கள் வயல் எதுவென்றே பிடிபடவில்லை.
ஆனால் வடக்கே, ஹ்ரிஞ்சுக் குடும்பத்தின் ஆளி...

தண்ணீர்தான்.
அலைகூட அடித்தது.
எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.