ஏழாம் நம்பர் வேன்

ஈச்சனாரியில் நான் ஏறுவேன், ஆறு நாற்பது.
சுந்தராபுரத்தில் பிரிசில்லா.
உக்கடத்தில் நூர்நிஷா, குளத்துக் காற்றையும்
கூடவே கூட்டிக்கொண்டு.
காந்திபுரம் தாண்டிக் கோகிலவாணி.
டெக்ஸ்டூல் பாலத்தடியில் எழிலரசி,
ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொன்றில்
மகன் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்.
கீரணத்தம் வரும்வரை தூங்குவோம்.
ஆறு வருடம் தூங்கினோம்.

ஆண்களுக்குப் பேக்கரி இருந்தது.
நாலு மணிக்கு எழுந்து போவார்கள்.
டீ, தேங்காய் பன், ஆளுக்கு ஒரு சிகரெட்.
திரும்பி வரும்போது
யார் ஆன்சைட், யார் லீட்,
எந்த புராஜெக்ட்டை மூடுகிறார்கள்
எல்லாம் முடிந்திருக்கும்.
எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெயில் வரும்.
அதற்கு ‘வாழ்த்துகள்’ என்று பதில் போடுவது
எங்கள் வேலை.

எங்கள் ஊர்ப் பேச்சில்
கோபத்துக்கும் ஒரு ‘ங்க’ உண்டு.
திட்டினாலும் ‘போங்க’ என்றுதான் வரும்,
மூச்சு விடுவதுபோல.
ஆங்கிலத்தில் அதை வைக்க இடமில்லை.
மீட்டிங்கில் வாக்கியம் முடியும் இடத்தில்
நாக்கு எதையோ துழாவும்,
அகப்படாமல்
ஒரு ‘சாரி’யைப் போட்டு மூடிவிடும்.
ஒன்பது வருடத்தில் நான் கண்டுபிடித்த பிழைகள்
நாலாயிரத்துச் சொச்சம்.
அத்தனையும் அடுத்தவர் எழுதிய கோடில்.
அத்தனைக்கும் சாரி சொன்னவள் நான்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை
சரவணம்பட்டி சிக்னலில் வேன் நின்றபோது
நூர்நிஷா, யார் முகத்தையும் பார்க்காமல்,
“பதினோரு லட்சத்து நாற்பதாயிரம்” என்றாள்.
என்ன அது?
“என் சம்பளம்.”
டிரைவர் வேலுச்சாமி அண்ணன் பாட்டைக் குறைத்தார்.
தான் கேட்கக்கூடாது என்று தோன்றியதோ என்னவோ,
மறுபடி கூட்டினார்.

கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று
ஒரம்பரை வந்தவர்கூட எங்களைக் கேட்கலாம்.
சம்பளத்தை மட்டும்
வாயைத் திறந்து சொல்லக்கூடாது.
பிரிசில்லா சொன்னாள். அவளுக்குக் குறைவு.
கோகிலவாணிக்கு இன்னும் குறைவு.
நான் சொன்னேன்.
வேனில் சத்தமே இல்லை.
எனக்குப் பின்னால் சேர்ந்தவன்,
நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன்,
என்னைவிட மூன்று லட்சம் அதிகம் வாங்குகிறான்.
எழிலரசி ஹெச்ஆரில் இருக்கிறாள்.
சொல்லக்கூடாதுதான். சொல்லிவிட்டாள்.

அப்புறம் யார் தூங்கினார்கள்?
உக்கடத்திலிருந்து கணபதி வருவதற்குள்
ஒரு ரெஸ்யூமைத் திருத்திவிடுவோம்.
‘உதவினேன்’ என்று எங்கே இருந்தாலும்
பிரிசில்லா அடித்துவிட்டுச் ‘செய்தேன்’ என்று எழுதுவாள்.
மாதிரி இன்டர்வியூ கேட்டுக் கேட்டு
வேலுச்சாமி அண்ணனுக்கே கிளவுட் பாதி அத்துப்படி.
நான் மேனேஜரிடம் போனேன்.
ஒரு வாக்கியத்தை வெறுமனே முடித்தேன்.
கேட்டதில் பாதி கிடைத்தது.

ஐப்பசியில் ஒரு லீட் பதவி.
ஒன்றே ஒன்று.
நானும் கோகிலவாணியும் போட்டோம்,
ஒருவரையொருவர் கேள்வி கேட்டுத்தான் தயாரானோம்.
வெள்ளிக்கிழமை அவளுக்கு வந்தது.
‘ரொம்ப சந்தோஷம்’ என்று அனுப்பினேன்.
சனி ஞாயிறு சோறு இறங்கவில்லை.
வீட்டில் வெசனம் என்று சொன்னேன்.
பொறாமை அது.
திங்கட்கிழமை ஸ்கூட்டரில் போய்விடலாம் என்று
சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.
தூறல். வேனில்தான் போக வேண்டியதாயிற்று.

அவள் ஏறினாள்.
பையை மடியில் வைக்கும் முன்பே
தன் புது எண்ணைச் சொன்னாள், ரூபாய் விடாமல்.
பிறகு பேனலில் கடைசியாகக் கேட்ட
மூன்று கேள்விகளை, எந்த வரிசையில் கேட்டார்களோ
அதே வரிசையில்.
“அடுத்த தடவைக்குங்க” என்றாள்.
எனக்கு எரிச்சல் போகவில்லை.
எழுதிக்கொண்டேன்.

இப்போது கணபதியில் புதிதாக ஒருத்தி ஏறுகிறாள்.
காங்கேயத்துப் பெண், நவநீதா.
கதவோரம் உட்கார்ந்து, காதில் இயர்போன் மாட்டி
கண்ணை மூடிக்கொள்வாள்.
இன்று நூர்நிஷா அவள் தோளைத் தட்டினாள்.
“ஏங்கண்ணு, உனக்கு எவ்வளவு போடறாங்க?”
அவள் ஒரு காதை மட்டும் விடுவித்து
“சாரி” என்றாள்,
“கேக்கலீங்க.”